பூஸ்ட் கூட்டிய காரில் கொயிலும் பிளக்கும்: காசையும் எஞ்சினையும் தின்கிற தவறுகள்

சிலிண்டருக்குள் பொறி அடிப்பது பிளக்; அதற்கு வேண்டிய உயர் வொல்ட்டைக் கொடுப்பது கொயில். கொயில் குதிரைவலு தராது. எஞ்சினில் இருக்கிற வலு வீணாகாமல் வெளியே வர விடுவதுதான் அதன் வேலை. பொறி ஒழுங்காக அடிக்கிற எஞ்சினில் விலை கூடின சிவப்புக் கொயில் நாலைப் பூட்டினாலும் கார் முந்திப் போனதைவிட வேகமாகப் போகப்போவதில்லை. இருந்தும் பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) கூட்டிய கார் அழுத்தி மிதிக்கையில் இருமத் தொடங்கினால் ஆட்கள் முதலில் விலை கேட்பது கொயிலுக்குத்தான். பிளக்கைக் கழற்றி முனைகளின் இடைவெளியை அளக்கிறவர்கள் குறைவு. இந்த வரிசைப் பிழையில் இருந்துதான் மற்றப் பிழைகள் பல பிறக்கின்றன.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. அதனால் வன்னியில் கண்ணில் படுகிற இம்பிரெசா டபிள்யூஆர்எக்ஸ், லான்சர் எவலூஷன் போன்ற டர்போ கார்கள் பெரும்பாலும் வயதுபோன வண்டிகள். கொயிலின் கீழ் இருக்கிற றப்பர் குழாய் இறுகிப்போயிருக்கும், கனெக்டரின் பிளாஸ்டிக் கொக்கி தொட்டால் நொறுங்கும், வால்வு மூடியின் கஸ்கட் கசிந்து பிளக் குழிக்குள் ஒயில் நிற்கும். இவற்றைச் சரிசெய்யாமல் மேலே புதுச் சாமான் பூட்டுவது வீண்செலவு.

முதலில் கோளாறு எங்கே என்று பிடியுங்கள். ஸ்கேனரில் பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். கொயில் செத்துவிட்டது என்று அது சொல்லவில்லை. இரண்டாவது கொயிலை மூன்றாவதின் இடத்தில் பூட்டி, ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓடிப் பாருங்கள். கோளாறு பி0303 ஆக இடம் மாறினால் கொயில்தான் காரணம். மாறாமல் இரண்டிலேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், வயர், கொம்பிரஷன் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இந்தச் சோதனையை எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது செய்ய வேண்டும். உள்ளே கம்பிச் சுற்று விட்டுப்போன கொயில் காலைக் குளிரில் நன்றாக வேலை செய்யும். மத்தியான வெயிலில் அரை மணித்தியாலம் ஓடிய பிறகுதான் காலை வாரும். ஆறின கொயிலை மல்டிமீட்டரால் அளந்து “நல்லது” என்று தீர்ப்புச் சொல்வது இதனால்தான் பிழைக்கிறது. எவலூஷனின் 4ஜி63 எஞ்சினில் நாலு சிலிண்டருக்கு இரண்டு கொயில்தான். ஒன்றும் நாலும் ஒரு சோடி, இரண்டும் மூன்றும் ஒரு சோடி. அங்கே சோடியாகத் தவறினால் கொயிலையும், தனியாகத் தவறினால் பிளக்கையும் பிளக் வயரையும் சந்தேகியுங்கள்.

இடைவெளியில் விடுகிற பிழை

பிளக்கின் நடு முனைக்கும் வளைந்த முனைக்கும் இடையில் உள்ள காற்று எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதோ, பொறி அதைத் தாண்ட அவ்வளவு வொல்ட் வேண்டும். டர்போ அதிக காற்றைத் திணிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது, தேவைப்படும் வொல்ட்டும் ஏறுகிறது. பூஸ்ட் இல்லாத எஞ்சினுக்கு வருகிற 1.1 மி.மீ. இடைவெளியை அப்படியே பூஸ்ட் கூட்டிய எஞ்சினில் விட்டால், நல்ல கொயிலும் ஒரு கட்டத்தில் தோற்கும். மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. முழுப் பூஸ்ட் வரும் இடத்தில் மட்டும் படபடவென்று வெட்டும். கொயில் பழுதென்று முடிவுகட்டிப் பணம் செலவழிப்பது இந்த இடத்தில்தான்.

கம்பனி பூஸ்ட்டில் ஓடும் காருக்குக் கம்பனி சொன்ன அளவே சரி. பூஸ்ட் கூட்டியிருந்தால் 0.7 முதல் 0.8 மி.மீ. வரை குறைத்துப் பாருங்கள். அதற்கு மேலும் அழுத்தம் ஏற்றிய எஞ்சின்களில் 0.6 வரை போவார்கள். ஆனால் காரணமில்லாமல் குறைக்கவும் கூடாது. இடைவெளி குறைந்தால் பொறி சிறிதாகும், ஐடிலில் எஞ்சின் லேசாகக் குலுங்கும், குறைந்த பாரத்தில் எரிதல் தவறும். வெட்டாமல் ஓடுகிற மிகப்பெரிய இடைவெளியே நல்ல இடைவெளி.

அளக்கும் விதத்திலும் காசு போகிறது. நாணயம் மாதிரி வட்டமாக விளிம்பு சரிந்திருக்கும் அளவியை இரிடியம் பிளக்கில் ஒருபோதும் நுழைக்காதீர்கள். அந்த நடு முனை சில வகைகளில் 0.6 மி.மீ., சிலவற்றில் 0.4 மி.மீ. தடிப்புத்தான். பக்கவாட்டில் நெம்பினால் வெடிக்கும். அந்த வெடிப்பு வெளியே தெரியாமலும் போகலாம். கம்பி அளவியால் அளந்து, வளைந்த முனையை மட்டும் பிடித்து மெல்ல வளையுங்கள். பெட்டியில் “அளந்து வந்தது” என்று எழுதியிருந்தாலும் நாலையும் அளப்பது நல்லது. கொழும்பில் இருந்து பஸ்ஸிலும் பார்சலிலும் குலுங்கி வருகிற சாமான் அது. கீழே விழுந்த பிளக்கைத் துடைத்துப் பூட்டாதீர்கள். பீங்கானுக்குள் மயிரிழை வெடிப்பு இருந்தால் பொறி அந்த வழியால் ஓடிவிடும்.

வெப்ப எண்ணும் எழுத்துகளும்

என்.ஜி.கே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது. அதாவது முனையின் சூட்டை வேகமாக எஞ்சின் தலைக்குக் கடத்தும். பொஷ்ஷில் இது தலைகீழ்: எண் கூடக் கூடச் சூடான பிளக். கடையில் “7க்கு 7 தாறன்” என்று கம்பனியை மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். என்.ஜி.கே 6க்கு டென்சோவில் 20, 7க்கு 22, 8க்கு 24 என்று வரும்.

முனை ஏறத்தாழ 450 பாகைக்கும் 850 பாகை செல்சியசுக்கும் இடையில் வேலை செய்ய வேண்டும். அதற்குக் கீழே கரி எரிந்து போகாமல் படியும். அதற்கு மேலே பொறி அடிக்க முன்னரே முனையின் சூட்டில் கலவை பற்றிக்கொள்ளும். பிஸ்டனில் ஓட்டை விழுவது அப்படித்தான். பொது வழக்கு, எஞ்சினின் வலு 75 முதல் 100 குதிரைவலு கூடினால் ஒரு எண் குளிர்ந்த பிளக். எயர் பில்டரும் சைலன்சரும் மட்டும் மாற்றியவர் இரண்டு எண் தாவி 8 போட்டால், பரந்தனில் இருந்து கிளிநொச்சிச் சந்தைக்குப் போய்வரும் சிறு ஓட்டங்களில் பிளக் சூடேறாமல் கறுத்துப்போகும்.

இன்னொரு நப்பாசை, குளிர்ந்த பிளக் போட்டால் 92 பெற்றோலிலேயே ஓடலாம் என்பது. ஒக்டேன் குறைவால் கலவை தானாக வெடித்து வரும் தட்டலைப் பிளக் தீர்க்காது. 95க்கு டியூன் செய்த காரில் 92 அடிக்க வேண்டி வந்தால் பூஸ்ட்டுக்குள் போகாமல் ஓடுங்கள். பரலில் மாதக்கணக்கில் கிடந்த பெற்றோல் என்றால் இன்னும் கவனம்.

பிளக்கின் எழுத்துகளையும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பிகேஆர்7ஈ என்பதில் முதல் இரண்டு எழுத்து 14 மி.மீ. புரியும் 16 மி.மீ. அறுகோணமும், ஆர் என்பது ரெசிஸ்டர் (உள்ளிருக்கும் மின்தடை), 7 வெப்ப எண், ஈ 19 மி.மீ. நீளம். பின்னால் 11 என்று இருந்தால் இடைவெளி 1.1. நீளம் 26.5 மி.மீ. கேட்கிற தலையில் 19 பூட்டினால் பொறி குழிக்குள்ளேயே அடிக்கும், வெறும் புரியில் கரி கட்டும். மாறி நீளமானதைப் பூட்டினால் பிஸ்டன் வந்து முட்டலாம். ரெசிஸ்டர் இல்லாத பிளக் போட்டால் பொறி எழுப்பும் மின் இரைச்சல் சென்சர்களையும் எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவையும் குழப்பும்.

போலிகள் தாராளம். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் வவுனியாவில் வாங்கினாலும், ரெசிஸ்டர் பிளக்கின் மேல் முனைக்கும் நடு முனைக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். சுமார் 5 கிலோ ஓம் வர வேண்டும். பூச்சியமோ முடிவிலியோ காட்டினால் திருப்பிக் கொடுங்கள். புரி கரடுமுரடாக இருப்பது, பீங்கானின் எழுத்து நகத்தால் சுரண்ட உரிவது, கஸ்கட் கையோடு கழன்று வருவது எல்லாம் கெட்ட அறிகுறி.

கொயிலை மாற்றத்தான் வேண்டும் என்றால்

சிறு கணக்கு ஒன்று. 7000 ஆர்.பி.எம்மில் ஒரு சுற்றுக்கு 8.6 மில்லிசெக்கன் எடுக்கும். சிலிண்டருக்கு ஒரு கொயில் உள்ள எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பொறி. அதாவது கொயிலுக்கு 17 மில்லிசெக்கன் கிடைக்கிறது. பெரும்பாலான கொயில்கள் 14 வொல்ட்டில் 2.5 முதல் 3.5 மில்லிசெக்கனில் நிரம்பிவிடும். நேரம் தாராளமாக இருப்பதால் நல்ல நிலையிலுள்ள கம்பனிக் கொயில் நிறையப் பாரம் தாங்கும். ஒரு கொயில் இரண்டு சிலிண்டருக்கு அடிக்கிற எவலூஷன் போன்றவற்றில்தான், அதுவும் பெரிய பூஸ்ட்டில், கொயில் மாற்றுவதற்கு நியாயம் கூடுதல்.

நிசான் ஜிடிஆர் ஆர்35இன் கொயிலையும் அவுடி ஆர்8இன் கொயிலையும் பலர் வேறு எஞ்சின்களுக்குப் பூட்டுகிறார்கள். சாமான் நல்லது. ஆனால் எந்தக் கொயிலுக்கும் எவ்வளவு நேரம் மின் ஏற்ற வேண்டும் என்பதற்கு அதனதன் அட்டவணை உண்டு. பற்றறி வொல்ட் குறையக் குறைய அந்த நேரம் நீளும். பழைய கொயிலின் நேரத்தை ஈசியூவில் அப்படியே விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: குறைவாக ஏற்றினால் கம்பனிக் கொயிலைவிடப் பலவீனமான பொறி, கூடுதலாக ஏற்றினால் கொயிலும் அதன் மின்னைத் திறந்து மூடும் இக்னைட்டரும் சூடேறிச் சாகும். நேரத்தை மாற்ற முடியாத ஈசியூ என்றால் அந்தக் கொயிலுக்குக் கை வைக்காதீர்கள்.

வயரிங் இன்னும் ஆபத்தானது. இரண்டு பின் கொயிலில் இக்னைட்டர் கிடையாது. மூன்று, நாலு பின் உள்ளவற்றில் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். சிறு சிக்னல் மட்டும் அனுப்பத் தெரிந்த ஈசியூவின் வயரை இரண்டு பின் கொயிலுக்கு நேரே கொடுத்தால், கொயில் இழுக்கிற பல அம்பியரில் ஈசியூவின் உள்ளுறுப்பு எரியும். தனி ஈசியூ பூட்டியவர்கள் சிக்னலின் திசையைப் பிழையாக வைத்தால் கொயில் ஓயாமல் மின் ஏறி, சில நிமிடங்களில் கையில் பிடிக்க முடியாத சூட்டுக்கு வரும். டொயோட்டாவின் நாலு பின் கொயில் பொறி அடித்ததும் ஈசியூவுக்குப் பதில் சிக்னல் அனுப்பும். அது வராவிட்டால் ஈசியூ பெற்றோலை நிறுத்திவிடும். வேறு கொயில் போட்டு “பொறி இருக்கு, ஸ்டார்ட் இல்லை” என்று மண்டையைப் பிய்ப்பதற்குக் காரணம் அதுதான்.

புதுக் கொயில் வாங்க முன் எஞ்சினை ஓடவிட்டு, கொயில் கனெக்டரின் பவர் பின்னில் வொல்ட் பாருங்கள். பற்றறியில் இருப்பதைவிட அரை வொல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிலோ ரிலேயிலோ எர்த்திலோ குறை. முல்லைத்தீவுக் கரையோரமும் ஆனையிறவுப் பக்கமும் ஓடுகிற கார்களில் எர்த் பட்டி பூட்டும் இடம் உப்புக் காற்றில் கறள் பிடிக்கும். சுரண்டித் திரும்பப் பூட்டினால் பழைய கொயிலே உயிர்பெறுவதும் உண்டு.

கழற்றுவதும் பூட்டுவதும்

அலுமினியத் தலையில் சூட்டோடு பிளக் கழற்றக் கூடாது. புரியும் சேர்ந்து வரும். இரவு முழுக்க ஆறவிட்டு விடியக் காலையில் வேலையைத் தொடங்குங்கள். கொயிலின் 10 மி.மீ. போல்ட்டை எடுத்து, கொயிலை இரு பக்கமும் மெல்லத் திருகி றப்பரை விடுவித்த பின்னரே மேலே இழுக்க வேண்டும். அடுத்தது, இங்கே எவரும் தவிர்க்கக் கூடாத வேலை: பிளக்கைத் தொட முன்னர் குழிக்குள் கொம்பிரசர் காற்று அடிப்பது. கிரவல் வீதியில் ஓடிய காரின் பிளக் குழியில் செம்புழுதி அடை அடையாக இருக்கும். பிளக் கழன்றதும் அது நேரே சிலிண்டருக்குள் விழும். கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள். இம்பிரெசாவில் பிளக் பக்கவாட்டில் படுத்திருப்பதால், இடப்பக்கம் பற்றறியையும் வலப்பக்கம் எயர் பில்டர் பெட்டியையும் கழற்றி இடம் எடுங்கள். கழற்றாமல் சாய்வாக நெம்பினால் பீங்கான் உடையும்.

புதுப் பிளக்கின் மேல் முனையில் ஓரடி நீளப் பெற்றோல் குழாயைச் செருகி, குழாயை விரலால் சுழற்றிப் புரி பிடிக்க வையுங்கள். புரி மாறி ஏறினால் குழாய் வழுக்கும்; ராட்செட் வழுக்காது, எஞ்சின் தலையின் புரியைத்தான் கிழிக்கும். கையால் இறுகிய பிறகு, கஸ்கட் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. பிளக்குக்கு 15 முதல் 20. டோர்க் ஸ்பனர் இல்லாவிட்டால், புதுக் கஸ்கட் உள்ள 14 மி.மீ. பிளக்கை அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக இறுக்கலாம். கஸ்கட் இல்லாத கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு சுற்றே போதும். செப்புக் கிரீஸ் பூச வேண்டாம். நல்ல பிளக்கின் புரிக்கு ஏற்கெனவே பூச்சு உண்டு. கிரீஸ் போட்டால் அதே அளவில் பிளக் மிஞ்சி இறுகி, உடல் நீண்டு, சூடு கடத்துவதும் கெடும். சிலிக்கன் கிரீஸ் என்றால் கொயில் றப்பரின் உள்வாயில் மட்டும் மெல்லிசாக. ஸ்பிரிங்கில் அப்பாதீர்கள்.

பழைய பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் இரும்புக்கு மேலே மண்ணிற வளையம் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பென்சிலால் கீறியது போல் கறுத்த கோடு மேலிருந்து கீழே ஓடினால் பொறி வெளியால் பாய்ந்திருக்கிறது. அந்தப் பிளக்கோடு கொயில் றப்பரையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் புதுப் பிளக்கிலும் அதே கோடு விழும். மாரி மழைக்குப் பிறகு திடீரென்று வெட்டத் தொடங்கினாலோ, சேர்விஸில் எஞ்சினுக்குத் தண்ணீர் அடித்த அன்றே வெட்டினாலோ, சாமான் வாங்க ஓடாமல் குழிக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரு மாற்றத்துக்கு ஒரு ஓட்டம். பிளக், கொயில், டியூன் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். மாங்குளத்துக்கு அங்கால் ஏ9 நேராகக் கிடக்கிறது என்று மூன்றாம் கியரில் முழுக்க மிதிக்க வேண்டாம். காருக்கு அங்கே மணிக்கு 70 கிலோமீட்டர்தான் எல்லை, மாடுகளுக்கு எல்லையே இல்லை. இரண்டாம் கியரில் 2500இல் இருந்து ஏற்றினால் எல்லைக்குள் நின்றே பூஸ்ட் பாரத்தில் வெட்டுகிறதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். முழு ரெவ்வுக்குப் பார்க்க வேண்டுமென்றால் காரை உருளைமேல் ஓடவிட்டு அளக்கும் டைனோவுக்குக் கொண்டுபோங்கள். செக் எஞ்சின் விளக்கு மின்னத் தொடங்கினால் உடனே காலை எடுங்கள். எரியாத பெற்றோல், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக்குள் போய் அங்கே எரியும். அதன் விலையோடு பார்த்தால் நாலு கொயிலும் மலிவு.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பிளக்குகளை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பீங்கான் மூக்கு வெளிர் மண்ணிறமாக இருந்தால் வெப்ப எண் பொருந்தியிருக்கிறது. உலர்ந்த கரி என்றால் கலவையில் பெற்றோல் கூடுதல், அல்லது பிளக் மிஞ்சிக் குளிர்ந்தது. வெள்ளை வெளேரென்று, அதன்மேல் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளியோ மினுங்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால் அது தட்டலின் தடயம். பூஸ்ட்டைக் கம்பனி அளவுக்கு இறக்கி, டியூன் பார்க்கும்வரை காரை மிதிக்காதீர்கள்.