அரிசியில் கன உலோகம்: சோதனைக்கு அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்றுமதிக்கு அரிசி அனுப்புகிற ஒருவருக்கு லேப் ரிப்போர்ட் வருகிறது. 'ஆர்சனிக்: கிலோவுக்கு 0.26 மில்லிகிராம்' என்று அதில் இருக்கிறது. வாங்குகிறவர் சொன்ன வரம்பு 0.2. சரக்கு தேறாது என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. தேறிவிடும் என்றும் அந்த ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. 0.2 என்ற வரம்பு கனிம ஆர்சனிக்குக்கு உரியது. ரிப்போர்ட்டில் இருப்பது மொத்த ஆர்சனிக்.

அரிசிச் சோதனையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். அரிசிக்குள் ஆர்சனிக் பல வடிவங்களில் இருக்கிறது. அதிக நச்சுத்தன்மை உள்ளது கனிம வடிவம். புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்படுவதும் அதுதான். டிஎம்ஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கரிம வடிவத்தின் நச்சுத்தன்மை அதைவிடக் குறைவு. அதனால்தான் சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 2014இல் தீட்டிய அரிசிக்குக் கனிம ஆர்சனிக்கை மட்டும் கணக்கில் எடுத்துக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. மொத்த ஆர்சனிக்குக்கும் கனிம ஆர்சனிக்குக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. லேப்கள் தங்கள் கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க, அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் விற்கும் '1568பி' என்ற அரிசி மாவைப் பயன்படுத்துகின்றன. அதில் மொத்த ஆர்சனிக் கிலோவுக்கு 285 மைக்ரோகிராம். கனிம ஆர்சனிக் 92 மட்டுமே, அதாவது மூன்றில் ஒரு பங்கு.

சரி, எல்லா அரிசிக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுவிடலாமா? அது அடுத்த தவறு. அமெரிக்க அரிசியில் டிஎம்ஏ அதிகமாக இருப்பது வழக்கம். இந்தியா, வங்கதேச அரிசிகளில் பெரும்பகுதி கனிம வடிவமாகவே இருக்கும். தனியாகப் பிரித்து அளந்தால்தான் உண்மை தெரியும். ஆனால் எல்லா மாதிரிக்கும் பிரித்து அளக்கிற சோதனை தேவையில்லை. முதலில் மொத்த ஆர்சனிக்கைப் பாருங்கள். அதுவே 0.2க்குக் கீழே இருந்தால் கனிம ஆர்சனிக் அதைத் தாண்ட வழியில்லை. இப்படி வடிகட்டுவதைக் கோடெக்ஸும் அனுமதிக்கிறது. மொத்தம் வரம்பைத் தாண்டும் மாதிரியை மட்டும் அடுத்த சோதனைக்கு அனுப்பினால் போதும்.

சாம்பிள் உறையில் வெறுமனே 'அரிசி' என்று எழுதி அனுப்புவதும் சிக்கலில் விடும். ஆர்சனிக் தவிட்டில்தான் கூடுதலாகத் தங்குகிறது. அதனால் தீட்டாத அரிசிக்குக் கோடெக்ஸ் வரம்பு 0.35. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறது. அதன் 2023 விதிப்படி தீட்டிய பச்சரிசிக்கு 0.15, புழுங்கலரிசிக்கும் தீட்டாத அரிசிக்கும் 0.25, குழந்தை உணவு தயாரிக்கப் போகும் அரிசிக்கு 0.10. ஒரே எண், ஒரு வகையில் தேறும், இன்னொரு வகையில் தேறாது. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்றவற்றைத் தவிடு நீக்காமல் விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இயற்கை விவசாயத்தில் விளைந்தது என்பதால் சோதனை வேண்டாம் என்று விடுவதும் சரியில்லை. மண்ணிலும் பாசன நீரிலும் ஆர்சனிக் இருந்தால், உரம் எதுவானாலும் நெல் அதை உறிஞ்சத்தான் செய்யும்.

ஆர்சனிக்கை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பது நுட்பமான தவறு. வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது மண்ணில் காற்று குறைகிறது. மண்ணோடு ஒட்டிக் கிடந்த ஆர்சனிக் அப்போது விடுபட்டு வேருக்குள் போகிறது. இதைக் குறைக்கக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது நல்ல வழி. ஆனால் வயல் காயும்போது காட்மியம் கரைந்து பயிருக்குக் கிடைக்கும் வடிவத்துக்கு வந்துவிடுகிறது. ஒன்றை அடக்கினால் மற்றொன்று தலைதூக்கும். நீர்ப்பாசன முறையை மாற்றிய பிறகு ஆர்சனிக் குறைந்த ரிப்போர்ட்டை மட்டும் காட்டுபவரிடம் காட்மியம் எவ்வளவு என்று கேட்டே ஆக வேண்டும். ஜப்பானின் டொயாமாவில் ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் அரிசியைத் தின்றவர்களுக்கு எலும்புகள் நொறுங்கின. 'இதாய்-இதாய்' என்று பெயர் பெற்ற அந்த நோய்க்குச் சுரங்கக் கழிவிலிருந்த காட்மியமே காரணம் என்று 1968இல் அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது.

மானாவாரியில் விளையும் கம்பு, கேழ்வரகு போன்றவற்றுக்கு ஆர்சனிக் பெரிய தலைவலி இல்லை. அங்கே முதலில் பார்க்க வேண்டியவை காட்மியமும் ஈயமும்.

இப்போது மூட்டைக்கு வருவோம். பெரும்பாலான கோளாறுகள் கருவியில் நடப்பதில்லை, இங்கேதான் நடக்கின்றன. லேப்பில் ஒரு சோதனைக்கு எடுக்கும் அளவு சுமார் அரை கிராம். அதில் 25 அரிசி இருந்தால் அதிகம். ஒரு லாரிச் சரக்கின் தலையெழுத்தை அந்த 25 அரிசிதான் எழுதப் போகிறது. பல ஊர் நெல்லைச் சேர்த்து அரைக்கும் ஆலையில் மூட்டைக்கு மூட்டை வேறுபாடு இருக்கும். கைக்கு எட்டிய மேல் மூட்டையில் ஒரு பிடி அள்ளி அனுப்பினால், வருவது அந்த மூட்டையின் ரிப்போர்ட் மட்டுமே. அடுக்கின் வெவ்வேறு இடங்களிலிருந்து பல மூட்டைகளைத் தேர்ந்தெடுத்துக் குத்தூசியால் எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, அதிலிருந்து ஒரு கிலோவாவது அனுப்புங்கள். லேப் அதை முழுவதும் நைசாக அரைத்து, கலந்து, பிறகு அரை கிராம் எடுக்கிறதா என்று கேளுங்கள். முழு அரிசியாக எடுத்து அமிலத்தில் போட்டால், இரண்டாம் முறை வேறு எண் வரும்.

வேலையைச் சுலபமாக்குகிறேன் என்று வீட்டு மிக்சியில் அரைத்து அனுப்பாதீர்கள். எவர்சில்வர் பிளேடிலிருந்து குரோமியமும் நிக்கலும் மாவில் சேரலாம். தானியத்தைச் சோதிக்கிறீர்கள் என்றால் முழு தானியமாகவே, சுத்தமான பிளாஸ்டிக் பையில் அனுப்புங்கள்.

விற்பது மாவு என்றால் விஷயம் தலைகீழ். அப்போது தானியத்தை மட்டும் சோதித்தால் போதாது, விற்கும் மாவையும் சோதிக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் பாலஸ்தீனத்தின் மேற்குக்கரைப் பகுதியில் சில கிராமங்களில் பலருக்கு ஈய நஞ்சேற்றம் வந்தது. தேடிப் பார்த்தபோது கோதுமையில் குற்றமில்லை. ஊர்ப் பொது மாவரைக்கும் கல் இயந்திரங்களில், கல்லோடு இரும்புப் பாகத்தை இறுக்க ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தார்கள். அரைக்க அரைக்க அது தேய்ந்து மாவில் இறங்கியிருந்தது. குழந்தை உணவிலும் இதே கதைதான். அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று 2021இல் வெளியிட்ட அறிக்கையில், மூலப்பொருள்களைச் சோதித்துப் போட்ட கணக்கைவிடத் தயாரான உணவில் கனிம ஆர்சனிக் கூடுதலாக இருந்த ஒரு நிறுவனத்தின் விவரம் வருகிறது. சேர்த்த வைட்டமின் கலவை மீது சந்தேகம் விழுந்தது. சத்துமாவு தயாரிப்பவர்கள் கடைசிப் பாக்கெட்டைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்தியாவில் லேப்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு என்ஏபிஎல். லேப்பைத் தேர்ந்தெடுக்கும்போது 'என்ஏபிஎல் அங்கீகாரம் உண்டு' என்ற வாசகத்தோடு நின்றுவிடாதீர்கள். அங்கீகாரம் லேப்புக்கு ஒட்டுமொத்தமாகத் தரப்படுவதில்லை. எந்தப் பொருளில் எந்தச் சோதனை என்று பட்டியல் இருக்கும். தண்ணீரில் ஆர்சனிக் அளக்க அங்கீகாரம் உள்ள லேப்புக்கு அரிசியில் கனிம ஆர்சனிக் அளக்க அங்கீகாரம் இல்லாமல் போகலாம். மாதிரியை எப்படிக் கரைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். உலையில் சாம்பலாக்கும் பழைய முறையிலும், திறந்த பாத்திரத்தில் அமிலத்தோடு கொதிக்க வைப்பதிலும் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று வரும். மூடிய கலத்தில் மைக்ரோவேவ் மூலம் கரைப்பதே பாதுகாப்பு. ஆனால் கனிம ஆர்சனிக்குக்கு அந்தக் கடும் முறை ஆகாது. எல்லா வடிவங்களையும் ஒன்றாக்கிவிடும் அபாயம் உண்டு. அதற்கு நீர்த்த அமிலத்தில் மெதுவாகச் சூடாக்கிப் பிரித்தெடுக்க வேண்டும்.

'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லை பூஜ்யம் என்று படிக்காதீர்கள். எந்த அளவுக்குக் கீழே அந்தக் கருவியால் அளக்க முடியாது என்பதையும் ரிப்போர்ட் சொல்ல வேண்டும். அளக்கக்கூடிய குறைந்தபட்ச அளவே 0.5 மில்லிகிராமாக இருக்கும் முறையில், 0.2 என்ற வரம்புக்கான கேள்விக்குப் பதில் கிடைக்காது. பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) என்று வந்தால் ஆயிரத்தால் வகுத்தால்தான் கிலோவுக்கு மில்லிகிராம் கிடைக்கும். இந்த இடத்தில் தசமப் புள்ளியைத் தவறவிட்டு அலறுகிறவர்கள் ஏராளம். கிணற்று நீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று பார்க்கும் நிறம் மாறும் கிட்டை அரிசி கழுவிய தண்ணீரில் நனைத்துப் பார்ப்பது வெறும் வேடிக்கை. உலோகம் அரிசிக்குள் இருக்கிறது.

கழுவினால் போய்விடும் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதை ஈராக் காட்டியது. 1971–72இல் பாதரச மருந்து பூசிய விதைக் கோதுமையைப் பசியில் ரொட்டி சுட்டுத் தின்றார்கள். எச்சரிக்கைக்காகச் சேர்த்திருந்த சிவப்புச் சாயத்தைக் கழுவியதும் விஷமும் போயிற்று என்று நினைத்தார்கள். மருத்துவமனைகளில் மட்டும் 459 பேர் இறந்தனர். அரிசி ஆர்சனிக்கில் சமையலுக்குக் கொஞ்சம் சக்தி உண்டு: ஆறு முதல் பத்து மடங்கு தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்தால் கனிம ஆர்சனிக்கில் 40 முதல் 60 சதவீதம் குறையலாம் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். கூடவே சில சத்துகளும் போகும். உலைத் தண்ணீரிலேயே ஆர்சனிக் இருந்தால் சோற்றில் அது கூடவும் கூடும், மேற்கு வங்கத்தின் சில பகுதிகளில் இதுதான் பிரச்சினை. எப்படியானாலும் சட்ட வரம்பு சமைக்காத அரிசிக்குத்தான். சோற்றைச் சோதித்துவிட்டு அந்த எண்ணை வரம்போடு ஒப்பிடக் கூடாது, அதில் பெரும்பங்கு தண்ணீர்.

வரம்புக்குப் பக்கத்தில் வரும் எண்களில் நிதானம் வேண்டும். 0.21 என்று வந்து, பிழை எல்லை கூட்டவோ குறைக்கவோ 0.04 என்றால், அது வரம்பை மீறியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 0.19 வந்தவரும் அதே காரணத்தால் நிம்மதியாகத் தூங்க முடியாது. வாங்குகிறவரின் லேப் வேறு எண் சொல்லும் நாள் வரலாம். அதற்காகக் கலந்த மாதிரியை அனுப்பும்போதே மூன்றாகப் பிரித்து, இரண்டைச் சீல் வைத்து, லாட் எண்ணும் தேதியும் எழுதி, ஈரமில்லாத இடத்தில் சரக்கு விற்றுத் தீரும் வரை வைத்திருங்கள். தகராறு வந்தால் இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட மூன்றாவது லேப்புக்கு அதில் ஒன்றை அனுப்பலாம்.