பார்வை எண்ணிக்கையைப் படிப்பது எப்படி?

கட்டுரையோ காணொளியோ, அதன் கீழே தெரியும் மொத்தப் பார்வை ஏறிக்கொண்டேதான் போகும். பழையதன் 5,000-ஐயும் புதியதன் 800-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. ஒரு நாளில் எவ்வளவு கூடியது என்பதே கணக்கு.

முதலில் ஒரே மாதத்தில் வெளியான 12 பக்கங்களை எடுங்கள். நன்றாக ஓடியவற்றை மட்டும் பொறுக்காதீர்கள்.

எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ ஒவ்வொன்றுக்கும் தேதி, மொத்தம், அன்று கூடியது என மூன்று நிரல்கள் போடுங்கள். வெளியான நாளிலிருந்து 35 நாள், தினமும் ஒரே நேரத்தில் மொத்தத்தைக் குறித்து, முந்தைய நாளுடையதைக் கழியுங்கள். நேரம் முக்கியம்: இன்று காலை 9 மணி, நாளை 11 மணி என்றால் 26 மணி நேரத்துப் பார்வை ஒரு நாள் கணக்கில் விழும்; சுமார் 8 சதவீதம் பொய்யாகக் கூடும். ஒரு நாள் விட்டுப்போனால் சுழியம் போட வேண்டாம். அந்த நாளையும் அடுத்த நாளையும் காலியாக விடுங்கள். ‘1.2 ஆயிரம்’ என்று சுருக்கிக் காட்டும் எண்ணும் உதவாது. பல நாள் அசையாமல் நின்று, திடீரென 100 தாவும்.

எந்தக் கிழமையில் கூட்டம் அதிகம் என்று பார்க்கும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். எப்போதும் திங்களன்று வெளியிட்டால் திங்கள்தான் உயர்ந்து தெரியும். அது கிழமையின் வேலை இல்லை, புதுசு என்பதன் வேலை. எனவே முதல் 7 நாளைத் தள்ளிவிடுங்கள். மீதி 28 நாளில் ஒவ்வொரு கிழமையும் நான்கு முறை வரும்.

அந்த நான்குக்கும் சராசரி வேண்டாம், இடைநிலை எடுங்கள்: எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வருவது; நான்கு எண்கள் என்றால் நடு இரண்டின் சராசரி. 38, 40, 42, 45, 900 என்ற ஐந்து எண்களின் சராசரி 213. அப்படி ஒரு நாள் வரவே இல்லை. இடைநிலை 42. பன்னிரண்டில் எட்டொன்பது பக்கங்களிலாவது அதே கிழமை உயர்ந்தால் நம்பலாம். இரண்டு மூன்றில் மட்டும் என்றால் தற்செயல்.

அந்த 900-ஐ அழித்துவிடாமல் தனியே குறித்துவையுங்கள். யாரோ இணைப்பைப் பகிர்ந்திருக்கலாம், தானியங்கி மென்பொருள்கள் மேய்ந்திருக்கலாம். ஒருவரே பத்து முறை திறந்தாலும் பல தளங்களில் பத்துப் பார்வைதான். அதை ஆள்கணக்காக எண்ண வேண்டாம்.

சொந்தத் தரவு சேரும்வரை விக்கிப்பீடியாவின் பக்கப் பார்வைக் கருவியில் பழகலாம். 2015 ஜூலை முதல் நாள்வாரியாக எண்கள் உண்டு. மனிதர் பார்வையும் தானியங்கிப் பார்வையும் தனித்தனியே கிடைக்கும்.