வேலைப் பயணத்தில் கோதுமையைத் தவிர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் ஆகாது; அது சிறுகுடலைப் பாதிக்கும். கொழும்பில், சொந்தக் குசினியில், இந்தக் கட்டுப்பாடு சில மாதங்களில் கைவந்துவிடுகிறது. அலுவலக வேலையாக யாழ்ப்பாணத்துக்கோ கண்டிக்கோ மூன்று நாள் போகும்போதுதான் அது குலைகிறது. பாணையும் கொத்துரொட்டியையும் நாம் எப்படியும் தொடப்போவதில்லை. நமக்கு ஏற்றது என்று நம்பி, விசாரிக்காமல் உண்ணும் உணவே நம்மை வீழ்த்துகிறது.

பலகாரத்தின் பெயரை நம்புவதே இவற்றுள் பெரிய தவறு. நம் நாட்டில் வெள்ளை இடியப்பம் பல கடைகளில் கோதுமை மாவிலேயே பிழியப்படுகிறது. பிட்டுக்கு அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவைக் கலப்பதும், தோசைக்கு உழுந்தோடு கோதுமை மாவோ ரவையோ சேர்ப்பதும் யாழ்ப்பாணத்தில் சாதாரண வழக்கம். குரக்கனில் குளூட்டன் இல்லை. அதனாலேயே குரக்கன் ரொட்டி உதிர்ந்துபோகும் என்று அதிலும் கோதுமை மா சேர்ப்பார்கள். சைவக் கடைச் சாம்பாரில் விழும் பெருங்காயத்தூளில்கூடக் கோதுமை மா கலந்திருப்பதுண்டு.

கேள்வியைத் தவறாகக் கேட்பது இதற்கு அடுத்தது. ஒரு முறை யாழ்ப்பாண விடுதியொன்றில் காலை உணவுக்கு அமர்ந்து, தோசையில் கோதுமை மா இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லையக்கா, ரவைதான் போட்டது" என்று பரிமாறிய தம்பி மனதாரச் சொன்னார். ரவையும் கோதுமைதான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் பொய் சொல்லவுமில்லை. அன்றிலிருந்து, ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்வியை விட்டுவிட்டு, "இதில் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டு, கோதுமை மா, ஆட்டா மா, ரவை என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விசாரிக்கிறேன். சிங்களம் பேசும் ஊர்களில் கோதுமை மாவைப் 'பான் பிட்டி' என்று சொன்னால் உடனே விளங்கிக்கொள்வார்கள்.

பயிற்சிப்பட்டறைகளில் மதியம் தரும் சோற்றுப் பார்சலின் மேல் பெரும்பாலும் ஒரு கட்லட் இருக்கும். அதை எடுத்து அயலில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு மீதியை உண்பது வீண் சமாதானம். கட்லட்டின் மேல் பூசிய ரஸ்க் தூள் முன்பே சோற்றில் உதிர்ந்திருக்கும். ரொட்டி சுட்ட கல்லில் ஊற்றிய ஒம்லெட்டும் அப்படியே. சோயா சோஸ் ஊற்றிய டெவல் கறிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அந்தச் சோஸ் பொதுவாகக் கோதுமை சேர்த்தே தயாராகிறது. ஒரு நாள்தானே என்று இவற்றை உண்பவர்கள், வயிற்றில் எந்தத் தொந்தரவும் தெரியாதபோதும் சிறுகுடலின் உட்சுவர் பாதிக்கப்படலாம் என்பதை மறக்கக் கூடாது.

உபசரிப்பவரின் மனம் நோகக் கூடாதென்று உண்மையை மறைப்பவர்களும் பலர். வயிறு சரியில்லை என்று சொன்னால், நம் மக்கள் அன்போடு கிறீம் கிறாக்கர் பிஸ்கட்டும் பார்லித் தண்ணீரும் கொண்டுவந்து வைப்பார்கள். இரண்டும் நமக்கு ஆகாதவை. நோயின் பெயரைச் சொல்லி, சோறும் மீன் குழம்பும் தாராளமாகச் சாப்பிடலாம் என்றும் சேர்த்துச் சொன்னால், தர முடிந்த ஒன்று இருக்கிறதென்று அவர்களுக்கும் நிம்மதியாக இருக்கும்.

வெறுங்கையோடு புறப்படுவது நான் அதிகம் வருந்திய தவறு. கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் நீண்ட புகையிரதப் பயணத்தில் வடையும் ரோல்ஸும் திரும்பத் திரும்ப வந்து போகும். பகல் முழுவதும் பட்டினி கிடந்தவருக்கு இரவில் விசாரித்து உண்ணும் பொறுமை இராது. வாழைப்பழம், அவித்த முட்டை, வறுத்த கச்சான், வீட்டில் பிடித்த எள்ளுருண்டை ஆகியவை பையில் இருந்தால் அந்த நிலை வராது. விமானத்தில் போவதாயின் குளூட்டன் இல்லாத உணவைக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும்.

தங்குமிடத்தில் சமையல்காரரிடம் காலையில் பேசுவது பிந்திய செயல், அதற்குள் மா குழைத்தாகிவிடும். முதல் நாள் இரவே குசினிக்குப் போய், வெறும் சோறும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் போதுமென்றும், கழுவிய தனிக் கரண்டியால் எடுத்து வைக்கும்படியும் கேட்டுக்கொண்டால், மறுக்கும் சமையல்காரரை நான் இதுவரை கண்டதில்லை.