பாதியில் நின்றுபோன மென்பொருள் நீக்கம்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பழைய விண்டோஸ் 7 கணினியிலிருந்து அச்சுப்பொறி மென்பொருள் ஒன்றை நீக்கிக்கொண்டிருந்தபோது மின்சாரம் தடைப்பட்டதால், கோப்புகளில் பாதி அழிந்துபோக, கண்ட்ரோல் பேனல் பட்டியலில் அதன் பெயர் மட்டும் அசையாமல் நின்றது.

இந்நிலையில் எஞ்சிய கோப்புறையைக் கையால் அழித்துவிடாதீர்கள். நீக்கும் நிரலே பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். அதே பதிப்பை அதே இடத்தில் மீண்டும் நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்து, பின்னர் முறைப்படி நீக்குவதே முதல் வழி. எனக்கு அதை நிறுவும் இறுவட்டு கிடைக்கவில்லை.

அவ்வாறானால், விண்டோஸின் அமைப்புப் பதிவுகளைத் திருத்தும் கருவியான ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, லோக்கல் மெஷின் பகுதியில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், அன்இன்ஸ்டால் என்ற வரிசையில் இறங்க வேண்டும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருளாயின், சாஃப்ட்வேருக்கு அடுத்து வாவ்6432நோட் வழியாகச் செல்ல வேண்டும். அங்குள்ள பல பதிவுகள் பெயரின்றி, நெளிவு அடைப்புக்குள் நீண்ட எண்ணெழுத்துக் கோவையாகவே தென்படுமாதலால், ஒவ்வொன்றையும் சொடுக்கி, வலப்புறம் டிஸ்ப்ளேநேம் என்பதற்கு எதிரே உள்ள பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். உரிய பதிவை எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் சேமித்த பின்னரே அழியுங்கள். அவசரத்தில் பலரும் தவறவிடுவது இதைத்தான். பதிவை அழிப்பதால் பட்டியலிலுள்ள பெயர் மட்டுமே மறையும். எஞ்சிய கோப்புறையை மறுதொடக்கத்திற்குப் பின் அழிக்கலாம்.