லண்டன் வாடகை வீட்டில் ப்ரீபேமென்ட் கேஸ் மீட்டரா? முதலில் சப்ளையர் யார் என்று கண்டுபிடியுங்கள்

நம்மூரில் கேஸ் என்றால் சிலிண்டர். எந்தக் கம்பெனி, எந்த ஏஜென்சி என்று கேஸ் புத்தகத்திலேயே இருக்கும். இங்கே குழாயில் வருகிறது. சுவரோரம் ஒரு மீட்டர், அதில் கார்டு செருக ஒரு துவாரம். செல்போன் ரீசார்ஜ் மாதிரிதான்: முதலில் பணம், பிறகு கேஸ். ஆனால் பணத்தை யாருக்குக் கட்டுகிறோம் என்பதில்தான் புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில் குடிபோன அன்று எனக்கும் அதுதான் நடந்தது. சமையலறை டிராயரில் ஒரு கார்டு கிடந்தது. நல்ல குளிர். யோசிக்காமல் கடைக்கு ஓடி 20 பவுண்டு ஏற்றினேன். அதில் ஒரு பகுதி, எனக்கு முன்னால் குடியிருந்தவரின் கடனுக்குப் போய்விட்டது.

படி 1: பழைய கார்டைத் தொடாதீர்கள்

அந்தக் கார்டு பழைய குடித்தனக்காரரின் கணக்கில் இருக்கும். அவர் கடன் வைத்திருந்தால், நீங்கள் ஏற்றும் பணத்திலிருந்து மீட்டர் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கடனை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வீடு கைமாறியது சப்ளையருக்குத் தெரியாதவரை மீட்டருக்கும் தெரியாது.

படி 2: சாவி வாங்கிய அன்றே போட்டோ

மீட்டரில் ஓடும் எண், திரையில் காட்டும் மீதிப் பணம், மீட்டரின் சீரியல் எண். மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் நீங்கள் குடிவந்த தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 3: பெயரைக் கண்டுபிடிப்பது

குழப்பமெல்லாம் இங்கேதான். மீட்டர் மேல் அச்சிட்டிருக்கும் பெயர் அதைத் தயாரித்தவருடையது. தெருவில் பள்ளம் தோண்டும் கேடென்ட், எஸ்.ஜி.என். போன்றவை குழாயைப் பராமரிப்பவை. உங்களுக்கு கேஸ் விற்பவை அல்ல. (கேஸ் வாடை அடித்தால் மட்டும் சப்ளையரைத் தேடி நேரத்தைக் கடத்தாமல் உடனே 0800 111 999.) வாசலில் குவிந்திருக்கும் பழைய கடிதங்களையும் நம்ப முடியாது. 2021-இல் கேஸ் விலை எகிறியபோது வரிசையாகப் பல சப்ளையர்கள் திவாலானார்கள். அவ்ரோ எனர்ஜியின் வாடிக்கையாளர்கள் ஆக்டோபஸுக்குப் போனார்கள், பீப்பிள்ஸ் எனர்ஜியின் வாடிக்கையாளர்கள் பிரிட்டிஷ் கேஸுக்கு. கடிதத்தில் இருக்கும் கம்பெனியே இன்று இல்லாமல் இருக்கலாம்.

ஆகவே இணையத்தில் 'ஃபைண்ட் மை சப்ளையர்' என்று தேடுங்கள். போஸ்ட்கோடும் வீட்டு எண்ணும் கொடுத்தால் கேஸ் சப்ளையரின் பெயரும், எம்.பி.ஆர்.என். என்ற எண்ணும் வரும். உங்கள் வீட்டு கேஸ் இணைப்பின் அடையாள எண் அது. மீட்டரின் சீரியல் எண் வேறு, இது வேறு. போனில் இரண்டையும் மாற்றிச் சொல்லி அரை மணி நேரம் வீணடித்த அனுபவம் எனக்கு உண்டு.

இன்னொன்று: கரண்ட் சப்ளையர்தான் கேஸ் சப்ளையர் என்று முடிவுகட்டாதீர்கள். ஒரே வீட்டில் இரண்டுக்கும் இரண்டு கம்பெனிகள் இருப்பது சகஜம்.

படி 4: போன் போடுங்கள்

'நான் யாரிடமும் ஒப்பந்தம் போடவில்லையே' என்று தோன்றும். அந்த வீட்டுக்கு ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் கம்பெனியோடு, நீங்கள் குடிவந்த நாளிலிருந்து சட்டப்படி ஒப்பந்தம் இருப்பதாகத்தான் கணக்கு. எனவே குடிவந்த தேதி, மீட்டரின் சீரியல் எண், எம்.பி.ஆர்.என். மூன்றையும் சொல்லி இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: என் பெயரில் புதுக் கார்டு வேண்டும், மீட்டரில் இருக்கும் பழைய கடனை நீக்க வேண்டும். புதுக் கார்டை எந்தக் கடையில் ஏற்றலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பேபாயின்ட், பேஸோன், போஸ்ட் ஆபீஸ் என்று இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கார்டு வரும்வரை அடுப்பு எரிய வழி என்ன என்றும் கேட்கத் தயங்காதீர்கள். மீட்டரில் ஏற்றிய பணம் தீர்ந்தால் கைகொடுக்க 'எமர்ஜென்சி கிரெடிட்' இருக்கிறது, பொதுவாக 5 முதல் 10 பவுண்டு. அது இனாம் அல்ல. அடுத்த முறை ஏற்றும்போது கழித்துக்கொள்வார்கள்.

அடுப்பே பற்றவைக்காத நாளுக்கும் 'ஸ்டாண்டிங் சார்ஜ்' என்ற தினசரி நிலைக் கட்டணம் ஏறும். ஒரு மாதம் ஊருக்குப் போய்வந்து, கேஸைத் தொடவே இல்லையே, பணம் எங்கே போனது என்று சண்டை போடாதீர்கள்.

படி 5: ஒத்துவரவில்லை என்றால்

பில் கட்டுவது நீங்கள் என்றால், வாடகைக்கு இருந்தாலும் சப்ளையரை மாற்றலாம். வீட்டு ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. பழைய கடனை நீக்க மறுத்தால் முறைப்படி புகார் கொடுங்கள். 8 வாரத்தில் தீரவில்லை என்றால் எனர்ஜி ஆம்பட்ஸ்மன் என்ற, இத்தகைய புகார்களை விசாரிக்கும் நடுவர் அமைப்பிடம் போகலாம், கட்டணம் கிடையாது. வழி தெரியாமல் நின்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பு, 0808 223 1133.

எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. குடிவந்த தேதி இருக்கும் வாடகை ஒப்பந்தத்தின் பக்கத்தை அனுப்பியதும், பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். டிராயரில் கிடந்த கார்டை இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன்.