கடிகாரம் மாறினால் குழந்தை தூக்கம்?

சில வெளிநாடுகளில் வசந்த காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னேயும், இலையுதிர் காலத்தில் பின்னேயும் மாற்றுவார்கள். அப்படி முள்ளைத் திருப்புவது நமக்கு ஒரு நொடி வேலை, குழந்தைக்கு அது தெரியுமா? மாற்றத்துக்கு நாலைந்து நாள் முன்பே தொடங்கி, கடிகாரம் முன்னே போகிறதென்றால் தினமும் 10, 15 நிமிடம் சீக்கிரமாகவும், பின்னே வருகிறதென்றால் அதே அளவு தாமதமாகவும் படுக்க வையுங்கள். பால், குளியலையும் சேர்த்தே நகர்த்துங்கள். எழுந்ததும் திரையை விலக்கி வெளிச்சம் காட்டுங்கள், உடம்பு வெளிச்சத்துக்குத்தான் கட்டுப்படும். பகல் தூக்கத்தைப் பிடுங்கினால் ராத்திரி நன்றாகத் தூங்கும் என்று நினைத்து நான் பட்டது போதும்: கண்ணைக் கசக்கி, காதை இழுத்து, அலுப்பிலேயே தூங்காமல் வீறிட்டு அழுதது. காய்ச்சல் வந்தால் அட்டவணையை விட்டுவிடுங்கள், தேறியதும் பழைய நேரத்துக்குத் திரும்பலாம். அப்புறம், மூன்று மாதம்கூட ஆகாத குழந்தைக்கு இதெல்லாம் வேண்டாம், அதற்கு இன்னும் இரவு பகலே பிடிபட்டிருக்காது.