குழந்தை இல்லை, வீடு இல்லை: பிரிவு ஒப்பந்தத்தில் என்னதான் எழுதுவது?

"எங்களுக்குள்ள பிரிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே!" பெங்களூருவில் வேலை பார்க்கும் தமிழ்த் தம்பதி பிரிவது என்று முடிவெடுத்ததும் சொல்வது இதைத்தான். நாங்களும் சொன்னோம். குழந்தை இல்லை, சொந்த வீடு இல்லை. ஒரே பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை கோர்ட்டுக்குப் போன அன்று, ஒரு ஜோடி வெள்ளிக் குத்துவிளக்கு யாருடையது என்று என் அம்மாவும் என் கணவருடைய அக்காவும் வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். அன்று நடக்க வேண்டியது அடுத்த வாய்தாவுக்குப் போனது. எங்கள் ஒப்பந்தத்தில் விளக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் வக்கீல் இல்லை. வக்கீலிடம் போவதற்கு முன்னால் நீங்கள் வீட்டில் செய்து முடிக்க வேண்டிய வேலைகளைத்தான் சொல்லப்போகிறேன்.

1. இந்தக் காகிதத்தால் திருமணம் முறியாது

முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் சீல் வாங்கிவிட்டால் விவாகரத்து ஆகிவிட்டது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதும் விடுதலைப் பத்திரமும் அப்படித்தான். சில சமூகங்களில் தொன்றுதொட்டு வரும் தீர்த்துவிடும் வழக்கத்தை இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு விட்டுவைத்திருக்கிறது. ஆனால் பிரச்சினை என்று வந்தால் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அந்த நம்பிக்கையில் மறுமணம் செய்துகொள்வது பெரிய ஆபத்து.

நமக்கான வழி, அதே சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு; பரஸ்பர சம்மத விவாகரத்து, பேச்சுவழக்கில் 'மியூச்சுவல்'. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு 28ஆம் பிரிவு. கிறிஸ்தவர்களுக்கு வேறு சட்டம், இஸ்லாமியர்களுக்கு, இருவரும் சம்மதித்துப் பிரியும் முபாரத் முறை. சட்டம் மாறினாலும் கீழே வரும் பட்டியல் வேலை எல்லோருக்கும் பொதுவானதுதான்.

2. பிரிந்த தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

மனுப் போடுவதற்கு முன் குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கணவன் மனைவியாக வாழாமல் இருந்தாலும் அது பிரிந்து வாழ்ந்ததாகவே கருதப்படலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொல்லியிருக்கிறது. லீஸ் முடியும்வரை ஒயிட்ஃபீல்டு வீட்டில் ஆளுக்கொரு அறையில் இருந்தவர்களுக்கு இது உதவும்.

தேதியை "சுமார் இரண்டு வருடமாக" என்று எழுதாதீர்கள். "2024 மார்ச் 12 முதல் இருவரும் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழவில்லை" என்று நாள் குறித்து எழுதுங்கள். இதில் ஒரு லாபமும் இருக்கிறது. மியூச்சுவலில் இரண்டு தடவை மனுப் போட வேண்டும்; முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் இடையே சட்டம் கேட்கும் ஆறு மாதக் காத்திருப்பைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனுப் போடும்போதே ஒன்றரை ஆண்டு பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சிகள் தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சம் உட்பட எல்லாப் பாக்கியும் உண்மையிலேயே தீர்ந்திருக்க வேண்டும், காத்திருப்பது வேதனையை நீட்டிக்கத்தான் செய்யும் என்று தெரிய வேண்டும். தேதியும் தீர்ந்த கணக்கும் தெளிவாக இருக்கிற ஒப்பந்தம் கையில் இருந்தால் இதைக் கேட்பது சுலபம். எங்களுடையதில் இரண்டும் இல்லை. ஆறு மாதமும் முழுசாகக் காத்திருந்தோம்.

3. வீட்டைச் சுற்றிப் பாருங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நகையிலிருந்து ஆரம்பியுங்கள், ஏனென்றால் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

கல்யாணத்தில் மணப்பெண்ணுக்குக் கொடுத்தது, எந்த வீட்டார் கொடுத்திருந்தாலும், அவளுடைய ஸ்திரீதனம். அது கணவன் வீட்டில் இருந்தாலும் அவளுக்கே முழு உரிமை என்று 1985லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் இவ்வளவு நேராக இருந்தும், தாலிச் சங்கிலி யார் வாங்கியது, பொட்டு யார் வாங்கியது என்று இரண்டு வீட்டிலும் கேட்கத்தான் செய்வார்கள். கேட்கட்டும். நீங்கள் ஒவ்வொரு நகைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: என்ன நகை, எத்தனை கிராம், இப்போது யார் கையில், எந்தத் தேதியில் யாரிடம் போகிறது. "எல்லா நகைகளும் திருப்பித் தரப்பட்டன" என்ற வரியை நம்பாதீர்கள். கடை பில் தொலைந்திருந்தால் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள். கழுத்தில் கிடந்தது அத்தனையும் அதில் இருக்கும். அடகில் இருக்கும் நகையை மறக்க வேண்டாம். மீட்பது யார், எந்தத் தேதிக்குள்?

அப்புறம் சீர்ப் பாத்திரம். பெங்களூரு ஃபிளாட்டில் இடம் இல்லாமல் திருநெல்வேலியில் மாமியார் வீட்டுப் பரணில் கட்டிப் போட்டது. எங்கள் குத்துவிளக்கு அங்கேதான் இருந்தது. வேண்டாம் என்றால் "வேண்டாம்" என்றே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டதற்குத்தான் பின்னால் பஞ்சாயத்து.

பெங்களூருக்கென்றே ஒரு சொத்து உண்டு: வீட்டு அட்வான்ஸ். முன்பெல்லாம் பத்து மாத வாடகை. இப்போதும் ஐந்தாறு மாதம் கேட்கிற இடங்கள் உண்டு. 30,000 ரூபாய் வாடகைக்கு ஆறு மாதம் என்றால் 1,80,000. காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டு 1,50,000 தருவார்கள். பணம் கட்டியது அவர், அக்ரிமெண்ட் உங்கள் பெயரில் என்றால், வீட்டுக்காரர் யார் கணக்கில் போடுவார்? போட்டபின் எத்தனை நாளில் மற்றவருக்குப் பங்கு போக வேண்டும்? இரண்டையும் எழுதுங்கள்.

கடன் இதைவிட ஆபத்து. கல்யாணத்துக்கு எடுத்த பர்சனல் லோனில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால், "இனி அவர் கட்டுவார்" என்று நீங்கள் எழுதுவது பேங்கைக் கட்டுப்படுத்தாது. அவர் நிறுத்தினால் பேங்க் உங்களிடம்தான் வரும். முடிந்தால் டிகிரிக்கு, அதாவது விவாகரத்துத் தீர்ப்புக்கு, முன் அடைத்துவிடுங்கள். கூட்டுக் கணக்கு, கூட்டு லாக்கர், ஆட்-ஆன் கிரெடிட் கார்டு மூன்றையும் மூடும் தேதியை எழுதுங்கள்.

4. ஜீவனாம்சம்: பூஜ்யம் என்றாலும் எழுத வேண்டும்

இரண்டு பேரும் சம்பாதிக்கிறோம், யாருக்கும் எதுவும் வேண்டாம். சரி. ஆனால் இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, தீர்ப்பு வந்த பிறகும்கூட நிரந்தர ஜீவனாம்சம் கேட்டு மனுப் போடலாம். மனைவி மட்டுமல்ல, கணவரும் கேட்கலாம். அதனால் மொட்டையாக "வேண்டாம்" என்று எழுதாமல் காரணத்தோடு எழுதுங்கள்: இருவருக்கும் தனித்தனி வருமானம் இருக்கிறது, 25ஆம் பிரிவில் உள்ள உரிமையைத் தெரிந்துகொண்டே, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் விட்டுக்கொடுக்கிறோம். அப்படி எழுதினாலும் அது இரும்புப் பூட்டு ஆகிவிடாது. ஒருவர் வேலை இல்லாமல் இருந்தால் நியாயமான ஒரு தொகையை ஒரே தடவையாகக் கொடுத்துத் தீர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

பணம் கைமாறுவதாக இருந்தால் ஒரே நாளில் வேண்டாம். பாதி முதல் மனு அன்று, மீதி இரண்டாவது அன்று, டிடியாக. டிகிரி வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது நினைவிருக்கட்டும்.

5. நடுவில் போட்ட கேஸ்கள்

கோபத்தில் கொடுத்த புகார் ஏதாவது இருந்தால் அதன் நம்பரோடு எழுதுங்கள். குடும்ப வன்முறைச் சட்ட வழக்கைத் திரும்பப் பெறலாம். கணவனோ அவர் வீட்டாரோ கொடுமைப்படுத்தியதாகப் போடும் வழக்கு, அதாவது பழைய 498ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு, அப்படி நீங்களாகவே சமாதானம் பேசி மூடிவிடக்கூடியது அல்ல. உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்க வேண்டும். அதற்கு யார், எந்தக் கட்டத்தில் ஒத்துழைப்பார் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

6. கையெழுத்து, அப்புறம் கோர்ட்

இ-ஸ்டாம்ப் தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சிகள். இருவருக்கும் ஆளுக்கொரு அசல். ஒருவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்றால், தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வக்கீல் அவசரப்படுத்தினாலும் ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள்.

பெங்களூருவில் குடும்ப நீதிமன்றம் சித்தையா ரோட்டில் நியாய தேகுலா கட்டடத்தில் இருக்கிறது. கல்யாணம் மதுரையில் நடந்தாலும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்தது இங்கே என்றால் இங்கேயே மனுப் போடலாம். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பதிவுச் சான்றிதழ், ஆதார், வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். சமரச மையத்துக்கு அனுப்பினால் பயப்பட வேண்டாம். ஒப்பந்தத்தில் விட்டுப்போனதைச் சரிசெய்ய அதுதான் நல்ல இடம். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் வீடியோ மூலம் ஆஜராக அனுமதி கேட்கலாம். 2017 தீர்ப்பிலேயே அதற்கு வழி இருக்கிறது.

டிகிரி வந்ததும் சான்றிட்ட நகல் மூன்று நான்கு வாங்கி வையுங்கள். அடுத்த வாரமே பிஎஃப், எல்ஐசி, பேங்க், டீமேட் நாமினியை மாற்றுங்கள், ஆபீஸ் மெடிக்ளெய்மில் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். நான் இதை ஒன்றரை வருடம் கழித்துத்தான் செய்தேன். அதுவரை என் பிஎஃப்புக்கு நாமினி அவர்தான்.

குத்துவிளக்கு கடைசியில் ஆளுக்கொன்றாகப் போனது. ஜோடியைப் பிரித்ததை அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.